ஐடி ஃபேன் அதிர்வு: இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் பதினைந்து நாளில் மறுபடி 9 தாண்டுகிறது

விறகுபாய்லர் கேட்டது:

சாயப்பட்டறையில் ஓடும் 10 டன் விறகு பாய்லரின் ஐடி ஃபேன் (புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் விசிறி). விவரம் இதுதான்:

மோட்டார் 45 கிலோவாட், 4 போல், 225எம் ஃபிரேம், இரண்டு பக்கமும் 6313 பேரிங். வேகம் டிரைவ் (மோட்டாருக்குப் போகும் கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றும் கருவி) மூலம். மோட்டாரையும் ஃபேனையும் இணைப்பது பின்-புஷ் (pin-bush) கப்ளிங். ஃபேன் ஷாஃப்டில் 22216 கே பேரிங் இரண்டு, எச்316 ஸ்லீவோடு பிளம்மர் பிளாக்கில். இம்பெல்லர் (பிளேடு உள்ள சக்கரம்) ஓவர்ஹங் (இரண்டு பேரிங்குக்கும் வெளியே ஷாஃப்டின் நுனியில்), 1100 மி.மீ விட்டம், 12 பிளேடு. ரோட்டர் மொத்தம் ஏறத்தாழ 280 கிலோ. இரண்டு பிளம்மர் பிளாக்கும் ஐஎஸ்எம்சி 200 சேனலில் செய்த 1.2 மீட்டர் உயர ஸ்டாண்டின் மேல். மோட்டாருக்குத் தனி கான்கிரீட் பீடம்.

டிரைவ் 41 ஹெர்ட்ஸ், வேகம் 1212 ஆர்பிஎம். எடுத்த அளவு, எல்லாமே மி.மீ/வினாடி ஆர்எம்எஸ்:

மோட்டார் பின்பக்கம்: கிடை 1.9, செங்குத்து 1.2, ஆக்ஸியல் 1.1
மோட்டார் கப்ளிங் பக்கம்: 2.2, 1.4, 1.5
ஃபேன் கப்ளிங் பக்கம்: 8.1, 2.2, 2.4
ஃபேன் இம்பெல்லர் பக்கம்: 9.8, 2.6, 2.9

ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் வாரியான வரைபடம்) பெரிய முள் 1எக்ஸ் (சுழல்வேகத்தின் அதே அதிர்வெண்) மட்டும்தான். 100 ஹெர்ட்ஸை ஒட்டி மோட்டாரில் 0.4 அளவில் சின்ன முள் ஒன்று இருக்கிறது.

மூன்று மாதத்தில் இரண்டு முறை சைட் பேலன்சிங் ஆகிவிட்டது. செய்த அன்று 2.8 வரும். பதினைந்து நாளில் 8, 9 என்று ஏறிவிடும். பேலன்ஸ் செய்ய வந்தவர்கள், "ஃபேன் பேரிங் போயாச்சு, மோட்டாரிலும் இன்னர் ரேஸ் அடி வாங்கியிருக்கு, நாலையும் மாத்துங்க" என்கிறார்கள். பேரிங் வெப்பம் 62 டிகிரி. மாற்றுவதென்றால் ஒரு நாள் பாய்லர் நிற்க வேண்டும். மாற்றினால் சரியாகுமா?

---

டேக்கோ பதில்:

பேரிங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் எண்களிலேயே விஷயம் கிடக்கிறது.

வெறும் அன்பேலன்ஸ் என்றால் அதன் விசை எல்லாத் திசையிலும் சமமாகச் சுற்றி வரும். தாங்கும் அமைப்பு கிடைத் திசையில் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும் என்பதால், கிடை அளவு செங்குத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு வருவது வழக்கம். உங்களிடம் 9.8-க்கு 2.6, ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே விசைக்கு ஒரு திசையில் மட்டும் நான்கு மடங்கு ஆட்டம் என்றால் அந்தத் திசையில் ஸ்டாண்டு இசைந்து கொடுக்கிறது. ஒத்ததிர்வு, அதாவது ரிசோனன்ஸ் என்பதுதான் என் முதல் சந்தேகம். ஃபவுண்டேஷன் போல்ட் தளர்வு இரண்டாவது.

மூன்று சோதனை செய்து எண்களைப் போடுங்கள்.

முதலாவது, வேகத்தை மாற்றிப் பாருங்கள். டிரைவை 38-லிருந்து 47 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு வேகத்திலும் ஒரு நிமிடம் நிலைக்க விட்டு, இம்பெல்லர் பக்க பேரிங்கின் கிடைத் திசையில் 1எக்ஸ் அளவையும் ஃபேஸையும் (சுற்றில் எந்தக் கோணத்தில் உச்சம் வருகிறது என்பது) குறியுங்கள். டேக்கோமீட்டரும் (சுழல்வேகம் அளக்கும் கருவி) பிரதிபலிப்பு டேப்பும் இல்லாமல் அளவு மட்டும் எடுத்தால் பாதி விஷயம்தான் கையில் இருக்கும்.

இரண்டாவது, தட்டிப் பார்க்கும் சோதனை, பம்ப் டெஸ்ட். ஃபேன் முழுக்க நின்றிருக்க வேண்டும். டேம்பரை (காற்று வழியை அடைக்கும் கதவு) மூடி, ஷாஃப்டைப் பூட்டுங்கள். புகைபோக்கியின் இழுப்பிலேயே இம்பெல்லர் மெதுவாகச் சுற்றும், கை வைக்கிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். சென்சார் பேரிங் ஹவுசிங்கில் கிடைத் திசையில். ஒன்றிலிருந்து இரண்டு கிலோ நைலான் சுத்தியலாலோ மரக்கட்டையாலோ ஸ்டாண்டின் தலையில் அதே திசையில் ஒரே ஒரு தட்டு. இரும்புச் சுத்தியல் வேண்டாம், அந்த அடியின் ஆற்றல் பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில் போய்விடும், 20 ஹெர்ட்ஸ் எழும்பாது. மீட்டரில் ஸ்பெக்ட்ரத்தின் மேல் எல்லை 100 ஹெர்ட்ஸ், 800 கோடு (அந்த எல்லையை எத்தனை கூறாகப் பிரிப்பது என்பது), அப்போது பிரிதிறன் 0.125 ஹெர்ட்ஸ், பதிவு நேரம் 8 வினாடி. விண்டோவை (பதிவின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடை என்ற அமைப்பு) யூனிஃபார்மில் வையுங்கள். ஹான்னிங் வைத்தால் தொடக்கத்தில் இருக்கும் அடியையே அது அழுத்திவிடும்.

மூன்றாவது, ஓடும்போது உயர வாரியாக அளவு: ஹவுசிங், ஸ்டாண்டின் நடு, அடித்தட்டு, அதற்குப் பக்கத்தில் கான்கிரீட். எந்த மூட்டைத் தாண்டும்போது அளவு சட்டென்று குதிக்கிறதோ அங்கேதான் தளர்வு. அடித்தட்டில் 4, அரை அடி தள்ளி கான்கிரீட்டில் 0.5 என்றால் கிரவுட் (அடித்தட்டுக்குக் கீழே நிரப்பிய கலவை) உடைந்திருக்கிறது, இல்லை போல்ட் பிடிப்பு போயிருக்கிறது. எந்த மூட்டிலும் குதிக்காமல் மேலிருந்து கீழே சீராகக் குறைந்தால் ஸ்டாண்டே வளைகிறது.

---

சாம்பல் பதில்:

டேக்கோ சார் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பேலன்ஸ் செய்த அன்று 2.8, பதினைந்து நாளில் 9 என்றால், நடுவில் ஸ்டாண்டு மாறவில்லை, ரோட்டர்தான் மாறியிருக்கிறது. விறகு பாய்லர் ஐடி ஃபேனில் இம்பெல்லரில் சாம்பல் ஒட்டும். மழைக்காலத்தில் ஈர விறகு போட்டால் இன்னும் கெட்டியாக, பிசின் மாதிரி ஒட்டும். பின்சாய்ந்த பிளேடு என்றால் பிளேடின் முதுகுப்பக்கம் பாருங்கள், முன்பக்கம் சுத்தமாகவே இருக்கும். ஒட்டுகிறவரை தொல்லை இல்லை, ஒரு பிளேடிலிருந்து மட்டும் பாளமாக உதிரும்போதுதான் தொல்லை. 150 கிராம் பாளம் அரை மீட்டர் ஆரத்தில், 1200 ஆர்பிஎம்மில், 120 கிலோ எடைக்குச் சமமான விசை.

இன்னொன்று: பிளேடு ஒற்றைத் தகடா, உள்ளே குழிவான ஏரோஃபாயிலா? ஏரோஃபாயில் என்றால் தேய்மானத்தில் ஊசி ஓட்டை விழுந்து உள்ளே சாம்பல் புகுந்திருக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அது இடம் மாறும், ஃபேஸும் மாறும். அதை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நிற்காது. பிளேடு பிளேடாகத் தட்டிக் கேட்டால் தெரிந்துவிடும், நிறைந்த பிளேடு மந்தமாகச் சத்தம் போடும்.

---

கிரீஸ்கன் பதில்:

மோட்டார் பேரிங் பற்றி மட்டும். 6313-ல் உருண்டை 8, உருண்டை விட்டம் ஏறத்தாழ 24 மி.மீ, பிட்ச் விட்டம் 102.5 மி.மீ. அவுட்டர் ரேஸில் (வெளி வளையம்) அடி இருந்தால் வரும் அதிர்வெண் சுழல்வேகத்தின் 3.06 மடங்கு, இன்னர் ரேஸ் (உள் வளையம்) 4.94 மடங்கு, கேஜ் 0.38 மடங்கு.

1212 ஆர்பிஎம் என்றால் 20.2 ஹெர்ட்ஸ். இன்னர் ரேஸ் 99.8-ல் வர வேண்டும். 5எக்ஸ் 101.0. டிரைவுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மெயின் சப்ளையின் இரட்டிப்பு 100.0. மூன்றும் 1.2 ஹெர்ட்ஸுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. 1000 ஹெர்ட்ஸ் வரை 1600 கோட்டில் எடுத்த ஸ்பெக்ட்ரம் என்றால் கோட்டுக்கு 0.625 ஹெர்ட்ஸ். ஹான்னிங் விண்டோவில் இரண்டு முள்ளைத் தனித்தனியாகக் காட்ட அதைப்போல மூன்று மடங்கு இடைவெளி வேண்டும், அதாவது ஏறத்தாழ 1.9. உங்கள் "100 ஹெர்ட்ஸை ஒட்டி" என்பது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இதை வைத்து இன்னர் ரேஸ் போச்சு என்பது ஜோசியம்.

500 ஹெர்ட்ஸ் வரை 3200 கோடு போடுங்கள், 0.156 ஹெர்ட்ஸ், 6.4 வினாடி. அந்த நேரம் முழுக்க வேகம் அசையக் கூடாது. டிரைவ் டிராஃப்ட் கன்ட்ரோலில் (ஃபர்னஸ் பிரஷரைப் பார்த்து வேகத்தைத் தானாக மாற்றுவது) ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் முள் கரைந்து பட்டையாகிவிடும், மேனுவலுக்கு மாற்றிவிட்டு எடுங்கள். பிறகு 44 ஹெர்ட்ஸில் ஒரு முறை எடுங்கள். சப்ளை சம்பந்தப்பட்டது 100-லேயே நிற்கும், 5எக்ஸ் 108.5-க்குப் போகும், இன்னர் ரேஸ் 107.2-க்கு. உண்மையில் இன்னர் ரேஸ் என்றால் முள்ளின் இரண்டு பக்கமும் 20 ஹெர்ட்ஸ் தள்ளித் துணை முட்களும் இருக்கும், என்வலப்பில் (பேரிங் அடிகளைத் தனியாகப் பிரித்துக் காட்டும் அளவீடு) பளிச்சென்று தெரியும். உருண்டை கொஞ்சம் வழுக்குவதால் உண்மையான பேரிங் முள் கணக்கிலிருந்து ஒரு சதவீதம் அளவுக்கு விலகி நிற்பது சகஜம். சரியாக முழு எண் மடங்கில் நிற்பது பெரும்பாலும் பேரிங் இல்லை.

மோட்டாரின் பின்னால் உள்ள கூலிங் ஃபேனில் எத்தனை இறக்கை என்று எண்ணினீர்களா?

ஃபேனின் 22216-க்கு நான் மடங்கு சொல்லப் போவதில்லை. ரோலர் எண்ணிக்கை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பேரிங்கில் பொறித்த முழு எண்ணையும் பார்த்து, அவர்கள் தளத்தில் உள்ள கணக்குக் கருவியிலேயே எடுங்கள். என்வலப் எடுக்கும்போது சென்சாரைக் காந்தத்தில் வைப்பதென்றால் பெயின்டைச் சுரண்டி, சமதளமாக்கி வையுங்கள். கையில் பிடிக்கும் முனையால் எடுத்தால் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் வருவதை நம்ப முடியாது. 62 டிகிரி இந்த இடத்தில் பயப்படும் வெப்பம் இல்லை. நேற்று 50 இருந்து இன்று 62 என்றால்தான் யோசிக்க வேண்டும்.

---

விறகுபாய்லர்:

மூன்று பேருக்கும் நன்றி சார். ஞாயிறு ஷட் டவுனில் எல்லாம் எடுத்தேன்.

வேகம் மாற்றி, இம்பெல்லர் பக்கம் கிடை, 1எக்ஸ் அளவும் ஃபேஸும்:

38 ஹெர்ட்ஸ்: 2.7, 55 டிகிரி
40: 5.8, 72
41: 9.8, 99
42: 11.2, 152
43: 7.6, 183
44: 5.4, 196
47: 3.0, 208

பம்ப் டெஸ்டில் 20.5 ஹெர்ட்ஸில் ஒற்றை முள், பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. உயர வாரியாக: ஹவுசிங் 9.8, நடு 4.6, அடித்தட்டு 0.5, கான்கிரீட் 0.4. போல்ட் எல்லாம் டார்க் ரெஞ்சில் பார்த்தாயிற்று, எதுவும் திரும்பவில்லை.

பிளேடு ஒற்றைத் தகடுதான். முதுகில் மெல்லிய படிவு, சுரண்டியதில் எல்லாம் சேர்ந்து 200 கிராம்கூட இல்லை, பெரும்பாலும் சமமாகத்தான் இருந்தது.

மோட்டாரில் அந்த முள் 101.0. டிரைவ் 44-ல் 108.5. துணை முள் இல்லை. கூலிங் ஃபேனில் இறக்கை 5!

---

கிரீஸ்கன்:

அப்போது அது இறக்கைச் சத்தம். மோட்டார் பேரிங்கை விட்டுவிடுங்கள்.

---

டேக்கோ:

இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது. 42-ஐ ஒட்டி உச்சம், அதன் இரண்டு பக்கமும் இறக்கம், 38-லிருந்து 47-க்குள் ஃபேஸ் 153 டிகிரி திரும்பியிருக்கிறது. 42 ஹெர்ட்ஸ் என்றால் 1242 ஆர்பிஎம், 20.7 ஹெர்ட்ஸ். பம்ப் டெஸ்டில் 20.5. ஸ்டாண்டின் இயல் அதிர்வெண்ணில்தான் ஃபேனை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சாம்பல் சார் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் வளைவின் அகலத்தைப் பார்த்தால் தணிப்பு விகிதம் ஏறத்தாழ 2.5 சதவீதம், உச்சத்தில் பெருக்கம் 20 மடங்கு. 41-ல் 17 மடங்கு என்று வைப்போம். 9.8 மி.மீ/வினாடி ஆர்எம்எஸ் என்பது 20.2 ஹெர்ட்ஸில் உச்சத்துக்கு உச்சம் 218 மைக்ரான். ரோட்டரும் ஸ்டாண்டின் மேல்பகுதியுமாகச் சேர்ந்து ஆடும் நிறை 600 கிலோ என்று எடுத்தால், இவ்வளவு ஆட்டத்துக்குத் தேவையான அன்பேலன்ஸ் ஏறத்தாழ 3900 கிராம்-மி.மீ. 500 மி.மீ ஆரத்தில் 8 கிராம்!

இந்த ரோட்டருக்கு ஜி6.3 என்ற பேலன்ஸ் தரத்தில் அனுமதி எவ்வளவு தெரியுமா? 9549 × 6.3 × 280 ÷ 1212, ஏறத்தாழ 13,900 கிராம்-மி.மீ, அதே ஆரத்தில் 28 கிராம். அனுமதித்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அன்பேலன்ஸ் உங்கள் மீட்டரில் 9.8 காட்டுகிறது. ரோட்டரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல் மாறியது உண்மைதான், ஆனால் மாறியது ஒரு ஸ்பூன். பேலன்ஸ் செய்தவர்கள் மெனக்கெட்டு இரண்டு கிராம் வரை இறக்கியிருக்கிறார்கள், ஒரு ஸ்பூன் சாம்பல் அதைக் கலைத்துவிட்டது.

இன்னொரு வம்பும் உண்டு. 41-லிருந்து 42-க்குப் போனால் வேகம் மாறுவது 30 ஆர்பிஎம், ஃபேஸ் மாறுவது 53 டிகிரி. முதல் ரன் ஒரு வேகத்திலும் டிரயல் ரன் முப்பது ஆர்பிஎம் தள்ளியும் எடுத்தால் கணக்கு எடையைத் தப்பான இடத்தில் வைக்கச் சொல்லும். சரியான எடையையே 53 டிகிரி தள்ளி வைத்தால் பழைய அன்பேலன்ஸில் 89 சதவீதம் அப்படியே இருக்கும். இனி எப்போது பேலன்ஸ் செய்தாலும், ஸ்டாண்டு இப்படியே இருக்கும்வரை, 36 அல்லது 47 ஹெர்ட்ஸில் செய்யச் சொல்லுங்கள், வேகம் 2 ஆர்பிஎம்முக்கு மேல் விலகாமல். டிரயல் வெயிட் 500 மி.மீ ஆரத்தில் 35 கிராம் போதும், அதற்கு அளவு 30 சதவீதமோ ஃபேஸ் 30 டிகிரியோ மாறவில்லை என்றால் எடையைக் கூட்டி மறுபடி ஓட்ட வேண்டும்.

எடையை வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்பை இம்பெல்லரிலேயே மாட்டச் சொல்லுங்கள். ஸ்டாண்டில் மாட்டினால் வெல்டிங் கரண்டு பேரிங் வழியாகப் போய் ரேஸில் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிடும். அப்புறம் "பேரிங் போச்சு" என்பது நிஜமாகிவிடும்.

இன்றைக்கே செய்யக்கூடியது: டிரைவில் ஜம்ப் ஃப்ரீக்வென்சி (டிரைவ் நிற்காமல் தாண்டிப்போகும் இடைவெளி) 39.5-லிருந்து 44 வரை. ஆனால் டிராஃப்ட் கன்ட்ரோல் அந்த இடைவெளிக்குள் நிற்க ஆசைப்பட்டால் டிரைவ் 39.5-க்கும் 44-க்கும் ஊஞ்சலாடும், ஃபர்னஸ் பிரஷரும் கூடவே ஆடும். அப்படி நடந்தால் 38-ல் நிலையாக வைத்துவிட்டு மிச்சத்தை டேம்பரில் பிடியுங்கள். இது தற்காலிகம்தான்.

---

ஸ்டாண்டுகாரன் பதில்:

நிரந்தர வேலைக்கு என் பங்கு.

இயல் அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 20.5-ஐ 28-க்குக் கொண்டுபோக விறைப்பு 1.87 மடங்கு ஆகணும், நிறை ஏறாமல் இருந்தால். இங்கேதான் பலர் சறுக்குவாங்க: சேனலுக்குள்ள கான்கிரீட் கொட்டுவாங்க. விறைப்பு ஏறும், நிறையும் ஏறும், அதிர்வெண் இருந்த இடத்துலயே நிக்கும். சில சமயம் கீழேயும் இறங்கும்.

வேண்டியது குறுக்கு முட்டு. எந்தத் தளத்துல என்பதுதான் முக்கியம். ஆட்டம் ஷாஃப்டுக்குக் குறுக்கே. ஆக முட்டும் ஷாஃப்டுக்குக் குறுக்கான தளத்துல, அதாவது ஸ்டாண்டின் முன், பின் முகங்கள்ல இடக்காலுக்கும் வலக்காலுக்கும் நடுவுல எக்ஸ் மாதிரி வரணும். ஷாஃப்டோட நீளவாக்குல முட்டு போட்டுட்டு "போட்டும் குறையலை"ன்னு சொல்ற ஸ்டாண்டுகள் நிறைய. அந்தப் பக்கம் கப்ளிங் இல்லாம கைபோக வசதியா இருக்கும், அதான் காரணம்.

65 × 65 × 6 ஆங்கிள் போதும். நுனியில 10 மி.மீ கசட் தகடு (மூலையை இறுக்குற தகடு), முழு வெல்டிங். டேக் அடிச்சு விட்டா ஆறு மாசத்துல விரியும். முட்டின் கீழ் நுனி அடித்தட்டுக்குப் பக்கத்துல இறங்கணும், காலின் நடுவுல நிறுத்தினா மிச்சமிருக்கிற பகுதி தனியா வளையும். காலுக்கும் அடித்தட்டுக்கும் நடுவுல கசட் இல்லைன்னா அதையும் போடுங்க. ஃபேன் கேசிங்கோடயோ டக்டோடயோ முட்டை இணைக்க வேண்டாம். அது சூட்டுல நீளும், ஸ்டாண்டைத் தள்ளி அலைன்மென்டைக் கெடுக்கும்.

வெல்டிங்குக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்க ஒரு வழி: பக்கத்துல உறுதியான கான்கிரீட் தூண் இருந்தா, ஃபேன் நிக்கும்போது ஸ்டாண்டின் தலைக்கும் தூணுக்கும் நடுவுல ஸ்க்ரூ ஜாக் வெச்சு, இறுக்காம முட்டுற அளவுக்கு மட்டும் திருப்பி, மறுபடி தட்டிப் பாருங்க. 20.5 மேல ஏறிச்சுன்னா நோய் இதுதான்னு உறுதி. ஜாக்கை வெச்சுட்டு ஃபேனை ஓட்டாதீங்க.

வெல்டிங் முடிஞ்சதும் அலைன்மென்ட் கட்டாயம் பாக்கணும், வெல்டிங் இழுப்புல தலை ஒரு பக்கம் சாஞ்சிருக்கும்.

---

சாம்பல்:

8 கிராம் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முட்டு போட்டபின் இம்பெல்லரை மறந்துவிட வேண்டாம். 150 கிராம் பாளம் விழுந்தால் எந்த ஸ்டாண்டும் காட்டும்.

---

விறகுபாய்லர்:

முட்டு போட்டாயிற்று. முன், பின் இரண்டு முகத்திலும் எக்ஸ், கசட்டோடு. ஃபேன் முழுக்க நின்ற பிறகு தட்டியதில் 28.5 ஹெர்ட்ஸ். அலைன்மென்ட் 0.3 மி.மீ விலகியிருந்தது, ஷிம் மாற்றி 0.05-க்குள் கொண்டு வந்தோம். இப்போது 41 ஹெர்ட்ஸில் இம்பெல்லர் பக்கம் கிடை 2.2, செங்குத்து 2.4, ஆக்ஸியல் 1.8. பேலன்சிங் எதுவும் செய்யவில்லை. ஃபேன் பேரிங் என்வலப்பிலும் கணக்குக் கருவி சொன்ன எந்த அதிர்வெண்ணிலும் முள் இல்லை.

இரண்டு சந்தேகம். ஜம்ப்பை எடுத்துவிடலாமா? அலாரம் எதில் வைப்பது? ஃபேன் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 14694-ல் 11.8 என்றும் இருக்கிறது, 7.1 என்றும் இருக்கிறது.

---

டேக்கோ:

ஜம்ப்பை எடுத்துவிடுங்கள். மேல் வரம்பை மட்டும் 47 ஹெர்ட்ஸில் பூட்டுங்கள். 50-ல் ஓடினால் 24.7 ஹெர்ட்ஸ், 28.5-க்கு இடைவெளி 15 சதவீதம்தான். 47-ல் 23.2, இடைவெளி 23 சதவீதம். இடைவெளியை 20 சதவீதத்துக்குக் கீழே விடக் கூடாது.

அலாரம்: 11.8 என்பது நெகிழும் அமைப்புக்கு, 7.1 என்பது விறைப்பான அமைப்புக்கு, இரண்டுமே பிவி-3 வகை (உங்களுடையது போன்ற தொழிற்சாலை) ஃபேனுக்கு. இயல் அதிர்வெண் ஓடும் அதிர்வெண்ணைவிடக் குறைந்தது 25 சதவீதம் மேலே இருந்தால் விறைப்பு என்று கணக்கு. 41-ல் உங்களுக்கு 41 சதவீதம் இருக்கிறது. ஆக அலாரம் 7.1, நிறுத்தம் 9.0. என்னைக் கேட்டால் 2.2-ல் ஓடும் ஃபேனுக்கு 7.1 வரை காத்திருக்க வேண்டாம், 4.5-ல் மஞ்சள் விளக்கு போடுங்கள். அது எரிந்தால் முதலில் இம்பெல்லரைத் திறந்து முதுகுப்பக்கம் பாருங்கள், பிறகு பேலன்சிங்காரரைக் கூப்பிடலாம்.

இன்றைய 28.5-ஐயும் மூன்று திசை அளவையும் ஃபேஸோடு ஃபேன் கார்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிற்கும்போது தட்டிப் பாருங்கள். 28.5 இறங்கி 26 ஆகியிருந்தால் எங்கோ வெல்டிங் விரிகிறது, அதிர்வு ஏறும் முன்பே தெரிந்துவிடும்.

---

கிரீஸ்கன்:

ஒரே ஒரு சேர்ப்பு. 22216-க்கு கிரீஸ் ஒரு தடவைக்கு 23 கிராம், 140 × 33 × 0.005. கன்னில் ஒரு அழுத்தத்துக்கு எத்தனை கிராம் வருகிறது என்று தராசில் நிறுத்துப் பார்த்து, அந்த எண்ணைக் கன்னிலேயே பெயின்டில் எழுதி வையுங்கள். அதிர்வு கூடிய மாதங்களில் "கொஞ்சம் கிரீஸ் போடு" என்று யாராவது திணித்திருந்தால் பிளம்மர் பிளாக் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் அந்த 62 டிகிரிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

---

விறகுபாய்லர்:

திறந்து பார்த்தேன் சார். வாய் வரை நிறைந்திருந்தது. பாதியை எடுத்துவிட்டு ஓட்டியதில் இப்போது 54.